கூடுதல் சொட்டு

கண்ணாடியில் உப்பு படிந்து படிந்து வெறுத்துப்போய், ஆபரேஷன் செய்து கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைத்துக்கொண்டேன். மூன்று வாரத்துக்கு மட்டும் சொட்டு மருந்து கொடுத்தார் டாக்டர். உப்பளக் காற்றில் கண் கரித்தபோதெல்லாம் நானாகவே கூட்டி, இரண்டு மாதம் விட்டேன். தலைவலி வந்தது. விளக்கைச் சுற்றி வானவில் தெரிந்தது. வெயில்தான் என்று மோர் குடித்தேன்.

"மருந்து அதிகமாகி கண்ல பிரஷர் ஏறியிருக்கு. யாருங்க இப்படி விடச் சொன்னது?" என்றார் டாக்டர்.

உப்புப் பாத்தியில் ஒரு விரல் தண்ணீர் கூடினாலே கரை உடையும் என்று வேலையாட்களிடம் கத்துகிற முதலாளி நான்.

மனைவி சத்யப்ரியா பதில் சொன்னாள்: "உப்பளத்துல தண்ணி அளவு பாக்க ஆள் போட்டிருக்காரு சார். கண்ணை மட்டும் இவரே பாத்துக்கிட்டாரு."