மூன்றாவது பெல்ட்

மூன்றாவது பெல்ட்டும் அறுந்தது. அறுவடை இயந்திரத்தின் வயிற்றுக்குள் தடாலென்று ஓர் அடி, பின்னாலேயே ரப்பர் கருகிய நாற்றம். அவள் என்ஜினை அணைத்தாள். எதிரே ஆறு ஏக்கர் கதிர் அறுபடாமல் நின்றது. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

மழையைவிடக் கொழுந்தனை நினைத்துத்தான் அவளுக்கு வயிறு எரிந்தது. புருஷன் கால் முறிந்து படுத்த அன்றே, இயந்திரத்தின் சாவி தனக்குத்தான் என்று வந்து நின்றவன் அவன். நானே ஓட்டுவேன் என்று இவள் மல்லுக்கு நின்றாள்.

"கிழட்டு மெஷின் அண்ணி, பெல்ட்டா தின்னும். மூணு பெல்ட் போச்சுன்னா சாவி எனக்கு. சரியா?" என்றான். இவள் வாய் சும்மா இருக்குமா? சரி என்று சொல்லித் தொலைத்தது.

வயலை ஒட்டிய சாலையில்தான் அவனுடைய ஒர்க்‌ஷாப். தோளில் புது பெல்ட்டை மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி நடந்து வந்தான்.

"என்ன அண்ணி, தின்னுடுச்சா?"

"நீ கொடுத்த பெல்ட்டுதானே! மட்டமான சரக்கை என் தலையில கட்டிட்ட."

"இதே பெல்ட்டுதான் ஊர்ல எல்லா மெஷின்லயும் ஓடுது. ஒண்ணுகூட அறுந்ததில்ல."

அவள் அறுந்த பெல்ட்டைப் புரட்டிப் பார்த்தாள். அறுந்த இடத்தில் ஓரம் நசுங்கியிருந்தது. கத்தியால் பிளந்து பார்த்தாள்; இழுவையைத் தாங்குகிற உள்நூல்கள் அங்கேதான் அறுந்து போயிருந்தன. அதை அவன் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள்.

"வேணும்னே நசுக்கிக் கொடுத்திருக்க!"

அவன் சக்கரத்தில் சாத்தியிருந்த கடப்பாரையைப் பார்த்தான். அதன் நுனியில் கறுப்பு ரப்பர் ஒட்டியிருந்தது.

அவளுக்கு முகம் செத்துவிட்டது. பெல்ட்டைத் தளர்த்துகிற போல்ட் துருப்பிடித்துக் கிடந்தது. அதைக் கழற்ற அரைமணி நேரம் ஆகும் என்று, மூன்று தடவையும் கடப்பாரையால் நெம்பித்தான் பெல்ட்டைப் புல்லிச் சக்கரத்தில் ஏற்றியிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"முதல் பெல்ட்டு மாட்டும்போதே பார்த்தேன். மத்த ரெண்டையும் பார்த்தேன்."

"சொன்னா வாய் வலிக்குமா?"

"நீங்க கேட்டீங்களா? உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

தப்பு அவளுடையதுதான், அதில் பேச்சில்லை. ஆனால் கூடப்பிறந்தவனின் இயந்திரம் பாழாவதைக் கைகட்டி வேடிக்கை பார்த்தவன் இவன். சாவி இவன் கைக்குப் போனால் திரும்பி வராது என்பது அவளுக்கு உறுதியாகிவிட்டது.

அவன் தோளிலிருந்த பெல்ட்டை வெடுக்கென்று பிடுங்கினாள். போல்ட்டுக்கு மண்ணெண்ணெய் விட்டு, ஸ்பேனரோடு மல்லாடினாள். விரல் முட்டித் தோல் உரிந்தது. அவன் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தானே தவிர, ஒரு கை கொடுக்கவில்லை. போல்ட் இளகியதும் பெல்ட் வெறுங்கையிலேயே ஏறியது. போல்ட்டை முறுக்கி, பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். அளவாக அமுங்கியது.

அவன் எழுந்து, கதிர் வெட்டும் கத்திகளுக்கு முன்னால் வந்து கையை நீட்டினான்.

"சாவி. வாக்கு கொடுத்திருக்கீங்க."

"கொடுத்தேன். இப்ப இல்லேங்கறேன்."

"வாக்கு மாறுனவங்கன்னு ஊர் பூரா சொல்வேன்."

"சொல்லு. நீ வேடிக்கை பார்த்ததையும் சேர்த்துச் சொல்லு."

மேலே ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினாள். வாக்கு மாறியவள் என்ற பேரை நினைக்க உடம்பெல்லாம் கூசியது. கூசட்டும் என்று கியரைப் போட்டாள். அவன்தான் விலகினான்.