மரத்துக்குத் தொண்ணூற்று நான்கு மதிப்பெண்

1

இந்தக் கதை கெட்ட எண்ணத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பல் மருத்துவரின் காத்திருப்பறையில் அட்டை கிழிந்த பத்திரிகை ஒன்று கிடந்தது. அதில் ஒருவர் கரீபியத் தீவில் நெடுநாள் பீப்பாயில் கிடந்த ஒரு ரம்மைச் சுவைத்து எழுதியிருந்தார்: 'முதல் மிடற்றில் ஒரு பழைய நூலகம். இரண்டாவதில், அந்த நூலகத்தில் யாரோ ஆரஞ்சு உரிக்கிறார்கள். மூன்றாவதில் ஒரு வயலின். ஆனால் வாசிக்கப்படாத வயலின்.'

எனக்குப் பல்வலி. அவருக்கு வயலின். அந்த ஆத்திரத்திலேயே முடிவு செய்தேன்: இந்த மாதிரி ஒரு ஆளைப் பிடித்து, பட்டுநாக்கு என்று பெயர் வைத்து, நாலு பேர் முன்னால் மண்ணைக் கவ்வ வைக்க வேண்டும். யாராவது மட்டமான ரம்மை ஊற்றிக் கொடுப்பார்கள், அவன் ஆகா ஓகோ என்பான், எல்லோரும் சிரிப்பார்கள், முற்றும். இதைவிடச் சுலபமான கதை கிடையாது. எனக்கு முன்னால் முப்பது பேராவது எழுதியிருப்பார்கள். அதனாலென்ன, முப்பத்தோராவது ஆளாக இருந்துவிட்டுப் போகிறேன் என்றுதான் உட்கார்ந்தேன்.

2

தொடக்கங்கள்.

'கோடையின் கடைசி வெயில் பீப்பாய்களின் மேல் தேன்போல் வழிந்துகொண்டிருந்த அந்த–' [விட்டுவிட்டேன். பீப்பாய் அறைக்குச் சன்னல் கிடையாது.]

'ரம் என்பது கரும்பின் கண்ணீர்.' [யாருடைய கண்ணீர் என்று யாராவது கேட்டால் அந்தத் தீவுகளில் கரும்பு வெட்டிய அடிமைகளின் சரித்திரத்துக்குள் போக வேண்டும். ஒரு வாக்கியத்தில் உள்ளே போய் அடுத்த வாக்கியத்தில் வெளியே வந்துவிடுவது அசிங்கம். அதனால் போகவில்லை.]

'அண்ணன் உள்ளே வந்தபோது மூக்கி குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.'

இது நின்றுவிட்டது. பட்டுநாக்குக்காகப் போட்ட மேடையில் இந்த இரண்டு பேரும் எப்படி ஏறினார்கள் என்று தெரியவில்லை. ஏறிய பிறகு இறங்கச் சொல்லவும் மனசு வரவில்லை.

3

மூக்கி ஐம்பதைத் தாண்டியவள். தூர தேசங்களிலிருந்து பீப்பாய் பீப்பாயாக ரம் வாங்கி, சீசாவில் அடைத்து விற்கும் நிறுவனம் அண்ணனுடையது. எதை வாங்கலாம், எதை எதோடு கலக்கலாம், எதை வந்த வழியே அனுப்பலாம் என்று மோந்து சொல்வது தங்கையின் வேலை. அப்பா காலத்திலேயே தீர்மானமான ஏற்பாடு: வியாபாரம் மகனுக்கு, மூக்கு மகளுக்கு.

அப்பா அதை அறிவித்த விதம்தான் சரியில்லை. விருந்தாளிகள் நிறைந்த சாப்பாட்டு மேசையில், "இவனுக்கு மூக்கு மூச்சு விடறதுக்கு மட்டும்தான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மகனும் சிரித்தார். அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் அந்தச் சிரிப்பு மட்டும் மேசையை விட்டு எழுந்து போகவில்லை. [இந்த வாக்கியத்தில் எனக்கே பட்டுநாக்கு முளைக்கிறது. இருக்கட்டும்.]

இத்தனை வருஷம் தங்கை மூக்கை நம்பியே தொழில் நடத்திய அண்ணன், அறுபதை நெருங்கும்போது ஒரு காரியம் செய்தார். யாரிடமும் சொல்லாமல் கரீபியத் தீவு ஒன்றுக்குத் தனியாகப் போனார். ஒரு கிடங்கில் தானே குனிந்து, தானே மோந்து, ஒரு பீப்பாயை வாங்கினார். அங்கிருந்தே தங்கைக்கு ஃபோன் போட்டார்.

"மூக்கி, உன்னைக் கேக்காம ஒண்ணு வாங்கிட்டேன்."

"எத்தனை வயசுண்ணா?"

"முப்பது!"

"முப்பதும் அந்த ஊர் வெயில்லயேவா?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. பத்திரமா வாங்க."

அந்த 'ஒண்ணுமில்ல'யில் எல்லாம் இருந்தது. வெயில் ஊரில் ரம் சீக்கிரம் முதிரும். வருஷா வருஷம் கொஞ்சம் ஆவியாகிப் போகும். மிஞ்சியதற்குள் பீப்பாயின் மரம் இறங்கிக்கொண்டே இருக்கும். ஓரளவு வரை அது அழகு. அதைத் தாண்டினால் ரம் கிளம்பிப்போய், மரம் மட்டும் வீட்டுக்காரனாக உட்கார்ந்திருக்கும்.

ஆனால் வாங்குகிறவர்களுக்கு வயது போதும். நாம் அப்படித்தான். எது கிழமானாலும் எழுந்து நின்று கைதட்டுவோம். ரம், கட்டடம், எழுத்தாளர், எதுவானாலும் சரி. உள்ளே இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று திறந்து பார்ப்பது மரியாதைக்குறைவு.

அண்ணிக்கு இது நன்றாகத் தெரியும். லேபிள் வேலை அவருடையது. "பூவும் வேணாம் கொடியும் வேணாம், முப்பதுங்கிற நம்பரைத் தங்கக் கலர்ல பெருசா போடுங்க" என்று அச்சகத்தில் சொல்லிவிட்டார். "ஜனங்க நம்பரைப் பாத்துத்தான் வாங்குறாங்க. நாக்கை யாரு கேட்டா?"

4

அண்ணன் உள்ளே வந்தபோது மூக்கி குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

சுவை பார்க்கும் அறை வெள்ளையாக, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். ஒரு நீள மேசை, ஒரு தொட்டி, வாய் குறுகிய கண்ணாடிக் குவளைகள். காபி, பூ, சென்ட் எதற்கும் அனுமதி இல்லை. கன்னத்தில் சென்ட் தடவாமல் அண்ணனால் தெருவில் இறங்க முடியாது. வருஷக்கணக்காக அவரை வாசலிலேயே நிறுத்தி, "அண்ணா, வெளிய" என்று விரட்டுவாள். அவரும் கதவிடுக்கில் தலையை மட்டும் நீட்டிப் பேசிவிட்டுப் போவார்.

அன்று காலை அவர் பக்கத்தில் வந்து நின்றது அவளுக்குத் தெரியவே இல்லை. திரும்பிப் பார்த்ததும்தான் புரிந்தது. வாசனையே இல்லாமல் வந்திருந்தார். சலவைச் சட்டை, சவரம் செய்த முகம், சென்ட் மட்டும் கிடையாது.

"நீ குடி. நான் ஒண்ணும் பேச மாட்டேன்" என்றார். வந்திறங்கிய பீப்பாயிலிருந்து மேசைமேல் ஊற்றிவைத்திருந்த குவளையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டித் தேநீரின் நிறம். மோந்தாள். காய்ந்த ஆரஞ்சுத் தோல், திராட்சை, அடிபிடிக்கப்போகும் சர்க்கரைப் பாகு. பிரமாதம். அண்ணன் கிடங்கில் குனிந்து மோந்தபோது ஏன் மயங்கினார் என்று அந்த நொடியில் அவளுக்கு விளங்கியது.

ஒரு வாய் எடுத்தாள். பென்சிலைக் கடித்த மாதிரி இருந்தது. துவர்ப்பு ஈறுவரை இழுத்துப் பிடித்தது. நடுவில் எதுவுமே இல்லை. கடைசியில் கசப்பு. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தாள். மிச்சமிருந்த மணமும் கலைந்து, நனைந்த பலகை வந்தது. துப்பினாள். நாக்கு மரத்துப்போயிருந்தது.*

* தமிழ் இந்த இடத்தில் எனக்கு ஓசியில் ஒரு சிலேடை தருகிறது. வாங்கிக்கொண்டேன்.

அவள் மூளை தன்பாட்டுக்கு வேலை செய்தது. இதைக் காப்பாற்றலாம். பின்கட்டில் இருக்கும் எட்டு வயது ரம்மைச் சேர்த்தால் நடுவில் சதை பிடிக்கும், கசப்பு அடங்கும், மணமும் நிற்கும். ஆனால் கலந்தால் ஆக இளையதன் வயதைத்தான் சீசாவில் போட வேண்டும் என்பது தொழிலின் விதி. குடும்பப் படத்துக்குக் கீழே கடைக்குட்டியின் வயதை மட்டும் எழுதுகிற மாதிரி. முப்பது போய் எட்டு வரும்.

5

[அடித்த பகுதி: "அண்ணா, இது செத்துப்போச்சு," என்றாள் மூக்கி. அவள் குரலில் உண்மையின்–]

முதல் பிரதியில் அவள் உண்மையைத்தான் சொன்னாள். நிமிர்ந்து நின்று, ஒரு பக்கத்துக்குச் சொன்னாள். படித்துப் பார்த்தேன், பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டி மாதிரி இருந்தது. பாத்திரங்கள் தாமாகவே நடக்கின்றன என்று எழுத்தாளர்கள் சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கூலியும் வாங்கிக்கொண்டு வேலையை யார் தலையிலோ கட்டுகிற பேச்சு அது. ஆனால் அவர் சென்ட் போடாமல் வந்தார் என்று நானே எழுதிவிட்டேன். எழுதிய பிறகு அவளை வேறு எப்படிப் பேசவைப்பது?

"நல்லாருக்குண்ணா."

"நெஜமாவா?"

"நான் எப்ப உங்ககிட்ட பொய் சொல்லிருக்கேன்?"

அதுதான் கொடுமை. சொன்னதே இல்லை. மேசைமேல் இருந்த மதிப்பெண் தாளில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு என்று போட்டாள். அண்ணன் அந்த எண்ணைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அறைக்கு வெளியே போய், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார்.

6

மத்தியானம் பட்டுநாக்கு வந்தான். வாடா வா என்று நான் காத்திருந்தேன்.

அவன் கழுத்தில் பட்டுத்துணி கட்டிவிட்டிருந்தேன். வெல்வெட் பெட்டிக்குள் சொந்தக் குவளை கொடுத்திருந்தேன். உட்காருவதற்கு முன் நாற்காலியை மோந்து பார்க்கிற மாதிரி ஒரு வாக்கியம்கூடத் தயார். அவன் புகழ்ந்தால் நாடே வாங்கும். புகழ்ந்தும் தொலைப்பான்; பலகையைக் குடித்துவிட்டு 'அடர்ந்த கானகம்' என்பான். நாம் சிரிப்போம்.

குவளையைச் சுழற்றினான். கண்ணை மூடினான். அண்ணி ஃபோனில் படம் பிடித்தார். அண்ணன் மேசை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார். மூக்கி சுவரோரம் நின்றாள்.

ஒரு வாய். துப்பினான். தண்ணீர் விட்டு இன்னொரு வாய். துப்பினான். கண்ணைத் திறந்தான். நான் எழுதிவைத்திருந்த வசனத்தை அவன் சொல்லவில்லை.

"சார், மன்னிக்கணும். இது போயிடுச்சு."

"எங்க?" என்றார் அண்ணி.

"மரத்துக்குள்ள, மேடம். பத்து வருஷத்துக்கு முன்னாடியே பீப்பாயிலேர்ந்து எடுத்திருக்கணும். மோந்தா அருமை. வாயில பலகைதான். நான் நல்லா எழுதினா பொய்யாயிடும்."

அவ்வளவுதான். ஒரு உவமைகூட இல்லை.

இதுவரை 'அவன்' என்று எழுதிவந்தேன். வாசகர்கள் மன்னிக்க வேண்டும். இனிமேல் 'அவர்'. திரும்பிப் போய் அந்தக் கழுத்துத் துணியை அவிழ்த்துவிடலாமா என்றும் யோசித்தேன். வேண்டாம். பட்டுத்துணி கட்டுகிறவருக்கு நாணயமான நாக்கு இருக்கக்கூடாது என்று சட்டமா?

அப்போதுதான் மேசைமேல் கிடந்த மதிப்பெண் தாளைப் பட்டுநாக்கு பார்த்தார். தொண்ணூற்று நான்கு. இந்தத் தொழிலில் மூக்கியின் கையெழுத்தை அறியாதவர் கிடையாது. அவளைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். இரண்டு முகத்திலும் இருந்த சாயலையும் பார்த்திருப்பார். மெதுவாகக் குவளையைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

"எனக்கு ரெண்டு நாளா லேசா சளி. நான் சொன்னதைப் பெருசா எடுத்துக்காதீங்க சார்."

அந்த அறையில் அன்று சொல்லப்பட்ட இரண்டாவது பொய் அது. முதல் பொய்யை யார் சொன்னார்கள் என்று அதுதான் காட்டிக்கொடுத்தது.

7

அவர் போனதும் அண்ணி பிடித்துக்கொண்டார். "சளி பிடிச்சவன் எதுக்கு வந்தான்? போன தடவை யாரோட சரக்குக்கோ பக்கம் பக்கமா உருகினான்ல? நமக்குன்னா பலகையா? விடுங்க, உருகுறதுக்கு வேற ஆளா கெடைக்காது?"

அண்ணன் குவளையை எடுத்துக்கொண்டு பீப்பாய் அறைக்குள் போனார். மூக்கி பின்னாலேயே போனாள்.

"எப்பலேர்ந்து?" என்றார் திரும்பாமலே.

"எதுண்ணா?"

"எங்கிட்ட பொய் சொல்றது."

"இன்னிக்குத்தான்."

"அப்பா அன்னிக்கு சொன்னது அவமானமா இருந்துச்சு. ஆனா மூஞ்சிக்கு நேரா சொன்னாரு. நீ இத்தனை வருஷமா கதவுலேயே நிறுத்தித் துரத்தினே, ஒரு நாள் வருத்தப்பட்டிருப்பனா? இன்னிக்கு என்ன, நான் நோயாளியா? வாயில சர்க்கரை தடவி அனுப்புறதுக்கு?"

"நீங்க சென்ட் போடாம வந்தீங்கண்ணா" என்றாள்.

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். பிறகு குவளையை நீட்டினார்.

"இப்ப சொல்லு. அந்தாளு சொன்னது வேணாம். நீ சொல்லு."

அவள் ஒரு வாய் எடுத்தாள்.

"துவர்ப்பு."

"வேற?"

"நடுவுல காலி. ஆளில்லாத வீடு மாதிரி."

"வேற?"

"முடியும்போது கசக்குது. தண்ணி விட்டா நாறுது."

"வேற?"

"நான் கூட வந்திருந்தா இதை வாங்க விட்டிருக்கவே மாட்டேன்."

அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். ஒவ்வொரு குறையையும், யாரோ தட்டில் பரிமாறுகிற மாதிரி வாங்கிக்கொண்டார். முகம் தெளிந்துகொண்டே வந்தது.

"வேற?"

"மூக்குல வர்ற வாசனை நெஜமாவே அருமை. அதை மோந்துதான் வாங்கியிருக்கீங்க. அதுல தப்பே இல்ல."

"நெஜமாவா?"

"நான் எப்ப–" என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அண்ணனுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

8

எட்டு வயது ரம்மைப் பற்றி அவள் சொன்னாள். எண் போய்விடும் என்பதையும் சொன்னாள். அதே நேரம் வாசலில் வேன் வந்து நின்றது. அச்சகத்திலிருந்து லேபிள் கட்டுகள் இறங்கின. தங்க நிறத்தில், பெரிதாக, முப்பது.

இனி முடிவு. கைவசம் சில இருக்கின்றன.

கலக்கிறார்கள். அந்தக் குடும்பம் அதுவரை அடைத்ததிலேயே ஆக நல்ல ரம் அதுதான். எட்டு என்ற எண்ணைப் பார்த்துவிட்டு ஜனங்கள் அதைத் தாண்டிப் போகிறார்கள்.

கலக்கவில்லை. முப்பது என்று போட்டு விற்கிறார்கள். வாங்கியவர்கள் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார்கள். ஒருவரும் திறப்பதில்லை. பலகை என்று ஒருவருக்கும் தெரிவதில்லை. எல்லோருக்கும் சந்தோஷம்.

மூன்றாவதாக ஒன்று எழுதினேன். அதில் பட்டுநாக்கு திரும்பி வந்து– [இல்லை. அவரைப் போதுமான அளவு படுத்திவிட்டேன்.]

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மூக்கி பின்கட்டுக்குப் போய், எட்டு வயது ரம்மை ஒரு குடுவையில் பிடித்துவந்தாள். குடுவையை அண்ணன் கையில் கொடுத்தாள்.

"எவ்வளவு ஊத்தணும்?" என்று கேட்டார்.

"நீங்க மோந்து சொல்லுங்கண்ணா."

அண்ணன் குவளையின் மேல் குனிகிறார். கண்ணை மூடுகிறார். குடுவை சாய்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை, நான் நிற்கும் இடத்திலிருந்து அவர் முதுகுதான் தெரிகிறது. கதவருகே லேபிள் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணி வந்து நிற்கிறார். "என்ன நடக்குது இங்க?"

இதற்குமேல் உங்கள் பாடு. ஊற்றச் சொன்னாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி, உங்கள் இஷ்டப்படி முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் எப்படி முடித்தாலும் அண்ணியிடம் நீங்கள்தான் போய்ச் சொல்ல வேண்டும். நான் வர மாட்டேன்.