மீன் வாங்காத வீடு

எண்ணெய் வைப்பதற்காகக் குல்லாயைக் கழற்றச் சொன்னார்கள். மலரின் அம்மா சுதாராணி விடவில்லை.

"குளுருமுங்க," என்றாள்.

பக்கத்து வீட்டு அருக்காணி அதற்குமேல் கேட்கவில்லை. குல்லாயின் ஓரத்தை விரலால் லேசாக ஏற்றி, மலரின் நெற்றியில் ஒரு சொட்டுத் தொட்டு வைத்துவிட்டுக் கிண்ணத்தைப் புவனேஸ்வரியிடம் நீட்டினாள். நேற்றுச் சாயங்காலம் மலர் போன சேதி கேட்டு, பெங்களூரிலிருந்து பஸ் மாறி பஸ் ஏறி வந்து இறங்கியவள் புவனேஸ்வரி. இன்னும் முகம்கூடக் கழுவவில்லை. அண்ணன் மகளின் நெற்றியைத் தொட்டபோது, இந்தப் பிள்ளைக்கு முடி இருந்த காலத்தில் வகிடு எந்தப் பக்கம் எடுப்பார்கள் என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை.

"கூட வெக்கறதுக்குப் புள்ளைக்குப் புடிச்சது எதாச்சும் எடுங்க சாமி," என்றாள் அருக்காணி.

அண்ணன் ஜெயபிரகாஷ் கலர் பென்சில் டப்பாவை எடுத்து வந்தான். வந்தவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு, தன் வீட்டுக்குள்ளேயே எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றான். கீழே எஸ்டேட் ரோட்டு வளைவில் மீன்கார முருகனின் வண்டி ஹாரன் அடித்தது. வாசலில் இருந்த கூட்டத்தைப் பார்த்திருப்பான், பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"மீனுதான் புடிக்கும்," என்றாள் சுதாராணி.

புவனேஸ்வரி எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

பங்குனியிலிருந்து அந்த வீட்டில் மீன் வாங்கவில்லை.

பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் மீன்களைப் பராமரிப்பது புவனேஸ்வரியின் வேலை. உடம்பில் நீலக்கோடு ஓடும் ஜீப்ரா மீன்கள், சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. அவற்றின் குஞ்சுகள் கண்ணாடி மாதிரி. உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியும். குழந்தைகளுக்கு வரும் நரம்புப் புற்றுக் கட்டியிலிருந்து செல்களை எடுத்து, ஒளிரும் சாயம் ஏற்றி, அந்தக் குஞ்சுகளுக்குள் வைப்பார்கள். தண்ணீரில் மருந்தைக் கலந்துவிட்டுப் பார்ப்பார்கள். ஒளி சுருங்கினால் மருந்து கேட்கிறது என்று அர்த்தம். மலருக்கு வந்ததும் அதே கட்டிதான். வயிற்றில் ஆபரேஷன் நடந்தபோது, அதில் ஒரு துணுக்கை ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். கொடுக்கச் சொன்னது புவனேஸ்வரிதான்.

"இது நம்ம மலருக்கு இல்லீங்க அண்ணி, பின்னால வர்ற புள்ளைகளுக்கு," என்று போனில் சொல்லத்தான் செய்தாள். சுதாராணியின் காதில் விழுந்தது வேறு.

"அப்ப எம்புள்ள கொஞ்சம் அந்த மீனுக்குள்ள இருக்கறா, இல்ல அம்மிணி?"

மலர் போனைப் பிடுங்கினாள். "அத்தை, நானு உள்ள இருந்துட்டு உம்மேல தண்ணி துப்புவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அன்று சாயங்காலமே சுதாராணி, சேர்வராயன் கோயில் இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டு வேண்டிக்கொண்டாள். டெஸ்ட் முடியும்வரை இந்த வீட்டில் மீன் வாங்குவதில்லை. "புள்ளையைச் சொமக்கற சாதியை நாம திங்கலாமுங்களா?"

டெஸ்ட் ஒரு வாரம்கூட நடக்கவில்லை. அந்தக் குஞ்சுகளை அதற்குமேல் வைத்திருக்கும் வழக்கமில்லை. எந்த மருந்துக்கும் ஒளி சுருங்கவில்லை. குஞ்சுகளை மயக்க நீரில் விட்டு, மூச்சு அடங்கியதும் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தவள் புவனேஸ்வரி. சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் போனை எடுப்பாள். "மீனுக நல்லா இருக்குதா அம்மிணி?" என்று அண்ணி முதலில் கேட்டுவிடுவாள். நல்லா இருக்குதுங்க என்று வாயில் வந்துவிடும். தொட்டியில் வேறு மீன்கள் நன்றாகத்தான் இருந்தன.

ஆடி மாதம் லீவுக்கு வந்திருந்தாள். மருந்தில் நாக்கு செத்துப்போய்க் கஞ்சியைக்கூடத் தள்ளிவிட்டுப் படுத்திருந்த மலர், முருகனின் ஹாரன் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, மீனு."

"வேண்டுதல் இருக்குது கண்ணு."

"அது அத்தையோட மீனு. இது முருகமாமா மீனு. வேற."

சுதாராணிக்குச் சிரிப்பு வந்தது. "வக்கீலுக்குப் படிக்க வெக்கோணும் இவளை," என்றாள். பிறகு புவனேஸ்வரியைப் பார்த்தாள். "டெஸ்ட்டு முடிய இன்னும் நாளாகுமா?"

அடுப்பில் பால் பொங்கியது. புவனேஸ்வரி அதை இறக்கப் போனாள். அங்கிருந்தே, திரும்பாமல், "ஆகுமுங்க," என்றாள்.

சுதாராணி கதவைச் சாத்தினாள். ஹாரன் கரடியூர்ப் பக்கம் ஏறிப் போய்விட்டது.

இப்போது ஜெயபிரகாஷ் மலரைத் தன் கையிலேயே தூக்கிக்கொண்டான். சின்ன உடம்பு, பாடை கட்டவில்லை. ஆண்கள் பின்னால் நடந்தார்கள். காப்பிச் செடிகளுக்கு இடையில் அவன் தலை தெரிந்தது, மறைந்தது, ஒருமுறை மறுபடி தெரிந்தது.

பெண்கள் வீட்டைக் கழுவினார்கள். குழாயடியில் வாளியை வைத்துவிட்டு சுதாராணி சொன்னாள்:

"மூணாம் நாளு பாலு ஊத்தறப்ப புள்ளைக்கு மீன் கொழம்பு வெக்கோணும்."

"தீட்டு ஊட்டுல வேண்டாம். நான் எங்கூட்டுல ஆக்கியாறேன்," என்றாள் அருக்காணி. "நீ வெக்கற புளித்தண்ணியை ஊத்துனா எந்திரிச்சு வந்து வையும்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சுதாராணிக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. "டெஸ்ட்டு முடிஞ்சுதான்னு தெரியோணுமே. முடியாம வெச்சா வேண்டுதல் தப்பிப் போயிருமில்ல."

"முடிஞ்சுருச்சுங்க அண்ணி."

"எப்போ?"

வாளி நிறைந்து வழிந்தது. இரண்டு பேருமே குழாயை அடைக்கவில்லை.

"நேத்துங்க," என்றாள் புவனேஸ்வரி.

சுதாராணி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நேத்தா," என்றாள். பிறகு குனிந்து குழாயை அடைத்தாள். "அதுகளுக்கும் நொம்ப வலிச்சிருக்குமா?"

"இல்லீங்க. மயக்கம் குடுத்துத்தான்."

"அது வரைக்கும் நல்லது."

மூன்றாம் நாள் காலையில் பனி இறங்கியிருந்தது. சில்வர் ஓக் மரத்தடியில் மண்மேடு நனைந்து கிடந்தது. ஜெயபிரகாஷ் பால் ஊற்றிவிட்டுத் தள்ளிப் போய் நின்றான். அருக்காணி இலையை விரித்துச் சோறு வைத்தாள், குழம்பை ஊற்றினாள். பெரிய துண்டாகப் பார்த்து இரண்டு எடுத்து வைத்தாள்.

"இருங்க," என்றாள் சுதாராணி.

ஈரமண்ணில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். மீனைப் பிட்டு, நடுமுள்ளை உருவி ஓரமாகப் போட்டாள். சதையை விரல்களுக்கு இடையில் நசுக்கி நசுக்கித் தேடினாள். இன்னொரு துண்டைப் புவனேஸ்வரியின் பக்கம் நகர்த்தினாள்.

புவனேஸ்வரி எதிரில் உட்கார்ந்தாள். மெல்லிய முள் ஒன்று அகப்பட்டது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கண்ணாடி மாதிரி அந்தப் பக்கம் தெரிந்தது.

"வயித்துப் பக்கம் பொடிமுள்ளு இருக்கும்," என்றாள் சுதாராணி, தலை நிமிராமல். "நல்லாப் பாரு."

புவனேஸ்வரி மறுபடியும் விரலால் தடவிப் பார்த்தாள்.