டெல்மரின் துப்பாக்கிக்கு இன்னும் தீர்ப்பில்லை

1

இது கதையாகத் தொடங்கவில்லை. சட்டைப்பைக்குள் அடங்கும் இரண்டு கைத்துப்பாக்கிகளை ஒப்பிட்டு ராய்ஸ் என்பவன் இணையத்தில் எழுதிவந்த குறிப்புகளாகத் தொடங்கியது. கென்டக்கி மலைக்குள் எங்கள் ஊரில் அந்தப் பக்கத்தைப் படிக்காத ஆண்கள் குறைவு. அவனுடைய நான்காவது குறிப்பில்தான் எனக்கு உறைத்தது, இவன் துப்பாக்கியைப் பற்றி எழுதவில்லை என்று.

முதல் தொடக்கம்: "ராய்ஸின் துப்பாக்கி சின்னது, பிடியில் சுண்டுவிரலுக்கு இடமில்லை. டெல்மருடையது கொஞ்சம் கனம், ஆனால் கையை அவ்வளவாக உதைக்காது. ராய்ஸ் இரண்டையும் மாற்றி மாற்றி—"

(அடித்துவிட்டேன். இது கடைக்காரன் பேச்சு.)

இரண்டாம் தொடக்கம்: "டெல்மர் தன் நாயைக் கொடுத்துவிட்டான்."

இருக்கட்டும்.

2

டெல்மர், ராய்ஸுடைய அக்கா ட்ரீவாவின் கணவன். வசந்தத்தில் ட்ரீவா செத்துப்போனாள். இலையுதிர்காலத்தில், நாயில்லாமல் நடக்காத ரக்கூன் வேட்டை தொடங்கும் நேரம் பார்த்து, டெல்மர் தன் வேட்டைநாயை வண்டியில் ஏற்றிவந்து ராய்ஸ் வீட்டில் இறக்கினான். கழுத்துப்பட்டை, தீனி மூட்டை, எல்லாம் சேர்த்து. "நீயே வச்சுக்க மாப்ள," என்றான்.

எங்கள் ஊரில் பெண்டாட்டியை விட்டுப் போனவர்கள் உண்டு. நல்ல நாயைச் சும்மா கொடுத்தவன் கிடையாது.

ராய்ஸுக்குப் புரிந்துவிட்டது, இவன் இனி இருக்க நினைக்கவில்லை என்று. ஆனால் 'உனக்கு மனசு சரியில்லை, துப்பாக்கியைக் கொடு' என்று இங்கே ஒருவனிடம் கேட்க முடியாது. கேட்டால் கொடுக்கமாட்டான்; வாசலையும் மிதிக்க விடமாட்டான். இரவல் கேட்டால் மட்டும் இல்லை என்று சொல்லமாட்டான். மறுநாளே ராய்ஸ் போனான். நம்ம ரெண்டு பேர் கைத்துப்பாக்கியையும் ஒப்பிட்டு எழுதப்போகிறேன், உன்னுடையது வேண்டும் என்றான். வேட்டைத் துப்பாக்கிகளை டெல்மர் ஏற்கெனவே விற்றிருந்தான். மிஞ்சியது அந்த ஒன்றுதான். அது சமையலறை மேசைமேல், காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் கிடந்தது.*

* குண்டு ஏற்றியிருந்ததா என்று ராய்ஸ் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

3

அதன்பிறகு ஒப்பீடு முடியவே இல்லை. பையிலிருக்கும் பஞ்சுத் தூசி எதில் அதிகம் சேர்கிறது, குளிரில் விரைத்த கையால் எதை இழுத்து ஏற்ற முடிகிறது, எந்தக் குண்டு எதற்குப் பொருந்துகிறது என்று ராய்ஸ் எழுதிக்கொண்டே போனான். டெல்மர் துப்பாக்கியைத் திருப்பிக் கேட்கும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் பாக்கி என்றான். பிறகு டெல்மர் கேட்பதை நிறுத்தினான். போனையும் எடுக்கவில்லை.

அப்போதுதான் ராய்ஸ் அந்த வரியை எழுதினான்: டெல்மருடையதில் சுடும்போதெல்லாம் குண்டு சிக்குகிறது.

(இங்கே ராய்ஸை நான் நம்பவில்லை. பொய்யாக இருந்தால் கதைக்கு நல்லது. உண்மையிலேயே சிக்கியது என்கிறான். வேண்டுமென்றே மணிக்கட்டைத் தளர்த்திச் சுட்டிருக்கிறான்.)

அன்று மாலையே டெல்மரின் வண்டி ராய்ஸ் வீட்டு வாசலில் வந்து நின்றது. தாடி மழிக்காத முகம்.

"என்னத்தடா எழுதி வச்சிருக்க?"

"சிக்குது மச்சான். உள்ளதத்தான் எழுதினேன்."

"மணிக்கட்டுல எலும்பில்லாதவன் கையில எதுதான் சிக்காது? ட்ரீவா இதுலதான் சுடுவா. ஒரு தடவ சிக்கினதில்ல."

அடக்கத்துக்குப் பிறகு அவள் பெயரை அவன் சொன்னது அப்போதுதான்.

4

வீட்டுக்குப் பின்னால் செம்மண் கரை. ஒரு தகர டப்பாவை வைத்தார்கள். டெல்மருடையதால் ராய்ஸ் சுட்டான், சிக்கியது. கட்டிப்போட்டிருந்த நாய் பழைய எஜமானைப் பார்த்து முனகியது. சிக்கிய குண்டை ராய்ஸ் எடுத்துப் போட்டான். உள்ளே இன்னும் குண்டுகள் இருந்தன.

டெல்மர் கையை நீட்டினான். "கொடு. காட்டறேன்."

முடிவு ஒன்று: கொடுக்கிறான். டெல்மர் ஒரு குண்டும் தவறாமல் டப்பாவை அடிக்கிறான். சிரிக்கிறான்.

(சிரிக்கவைத்தது நான். அவன் சிரிக்கவில்லை.)

முடிவு இரண்டு: கொடுக்கிறான். டெல்மர் அதை

(மாட்டேன்.)

முடிவு மூன்று: கொடுக்கவில்லை. "அப்ப இதுக்குத்தான் எழுதினியா?" என்கிறான் டெல்மர். வண்டியில் ஏறுகிறான். நாயைத் திரும்பிப் பார்க்கவில்லை. இனி அந்த வீட்டுக் கதவு ராய்ஸுக்குத்

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. அந்த நொடியில் ராய்ஸ் எதுவும் தெரியாமல்தான் நின்றான். நீங்கள் மட்டும் தெரிந்துகொண்டு நிற்பது நியாயமில்லை.

டெல்மர் இன்னும் கையை நீட்டிக்கொண்டுதான் இருக்கிறான். நடுங்காத கை. துப்பாக்கி உங்களிடம் இருக்கிறது.