பொல்காவலையில் இறங்கியவள்

...இல்லை, தீசிஸ் என்றால் பெரியது, டிசர்டேஷன் என்றால் சின்னது, அவ்வளவுதானே என்று நினைத்திருந்தேன், அமெரிக்காவில் அப்படியே தலைகீழ், அங்கே பி.எச்.டி.க்குத்தான் டிசர்டேஷன் என்று ருக்கியா நேற்றுக் குழப்பிவிட்டாள், படுபாவி, கூடப் படிக்கிறவள் செய்கிற வேலையா இது... கலஹா பஸ் வளைவுக்கு வளைவு ஆளைச் சாய்க்கிறது, பேராதனை கேம்பஸ் வருவதற்குள் முடிவு பண்ணியாக வேண்டும், டிசர்டேஷன் எழுதி எம்.ஏ.யோடு நிறுத்திக்கொள்கிறேனா, தீசிஸ் எழுதி எம்.பில். வரைக்கும் இழுக்கிறேனா என்று என் ஆய்வுக்கு வழிகாட்டுகிற தனபாலன் சேர் இன்றைக்குக் கேட்பார். யாழ்ப்பாணத்துக்காரர், எதையும் நிதானமாகத்தான் சொல்வார். "பிள்ளை, டிசர்டேஷன் எண்டால் மற்றவை சொன்னதை ஒழுங்காத் திரட்டிக் காட்டினாலே காணும். தீசிஸ் எண்டால் நீர் ஒண்டு சொல்லவேணும். ஆர் எதிர்த்தாலும் அதில நிக்கவேணும்." நான் எதில் நின்றிருக்கிறேன், இந்த பஸ்ஸில் நிற்பதைத் தவிர?

இந்தியாவுக்குப் போகப் பாஸ்போர்ட் கிடைத்தும் தேயிலைத் தோட்டத்திலேயே தங்கிவிட்டவர்கள், ஏன் தங்கினார்கள், இதுதான் என் தலைப்பு. தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கிக் கேட்டேன். பெண்கள் எல்லோருக்கும் ஒரே பதில், ஆம்பளைங்க இருக்கச் சொன்னாங்க, இருந்துட்டோம். எங்கம்மா வேலாயி மட்டும், ஒங்கப்பா நம்மள விட்டுட்டு இந்தியாவுக்குப் போயிட்டாரு என்பாள், அதைக் கேட்டே வளர்ந்தேன், அந்த மனுஷன் மேல் எரிந்து எரிந்தே படித்தேன். போன ஞாயிற்றுக்கிழமை கீரை ஆய்ந்துகொண்டே, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "கப்பலேறப் போறப்ப பொல்காவலை ஸ்டேசன்ல கோச்சி நின்னுச்சு, ஒங்கப்பா தண்ணி புடிக்கப் போனாரு. ஒன்னத் தூக்கிக்கிட்டு நா எறங்கிட்டேன்டி" என்கிறாள். ஏம்மா? "தெரியல. போகப் புடிக்கல." அவ்வளவுதான், அடுப்பைப் பார்க்க எழுந்துவிட்டாள். புடிக்கலையாம்! எப்படித் துணிந்தாள்... மற்றவர்களும் இப்படித்தான் மறைத்திருப்பார்கள், பெண்களே எடுத்த முடிவு என்று நெஞ்சை நிமிர்த்தி எழுதலாம், அதுதான் தீசிஸ். ஆனால் எழுதினால் அம்மா இத்தனை வருஷம் சொன்னது பொய்யாகிவிடும், டிசர்டேஷன் என்றால் சிலர் இவ்வாறும் கூறினர் என்று ஒரு வரிக்குள் ஒளிந்துகொள்ளலாம், அவள் பொய்யும் பத்திரம், என் கோபமும் பத்திரம். அந்தக் கோபத்தை எடுத்துவிட்டால் என்னிடம் வேறு என்ன இருக்கிறது? ஐயோ, மண்டை காய்கிறது.

அறைக்குள் நுழைந்ததும் சேர் உட்காரச் சொல்லிக் கதிரையைக் காட்டினார். "என்ன பரிமளம், யோசிச்சனீரோ? நீர் என்ன சொல்றீர்?" பெண்கள்தான் முடிவெடுத்தார்கள் என்று தொடங்கத்தான் வாயைத் திறந்தேன், பஸ்ஸில் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன், சத்தியமாக. "தண்ணியோட வந்து பெட்டி பெட்டியா எங்களத் தேடியிருப்பாருல்ல, சேர்?"

சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஆர் பிள்ளை?"

எங்கப்பா, என்றேன். இத்தனை பேரிடம் இத்தனை கேள்வி கேட்டேன், அவர் எந்த ஊரில் போய் இறங்கினார் என்று ஒருவரிடமாவது நான் கேட்டிருக்கிறேனா...