நவமியன்று ஓர் அறிவிப்பு

எங்கள் பவானிபூர் தெருவின் துர்கா பூஜைப் பந்தலில் பதினேழு வருஷம் மைக் பிடித்தவள் நான். குழந்தையைத் தொலைத்தவர்கள், செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனவர்கள், எல்லோருக்கும் பெங்காலியில் அறிவித்தது என் குரல்தான். இந்த வருஷம் சஷ்டியன்று பந்தலுக்குள் நுழைகிறேன், நான் வாயைத் திறக்கவே இல்லை, என் குரல் ஸ்பீக்கரில் எல்லோரையும் வரவேற்கிறது.

வேலையைக் காட்டியவன் ரங்கராஜன். என் கணவரின் தம்பி, பூஜைக் கமிட்டியின் செயலாளர். பழைய ஒலிப்பதிவுகளைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து என் குரலைச் செய்துகொண்டுவிட்டான். டைப் அடித்தால் பேசுமாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நிறுத்துடா ரங்கா. அது என் குரல்."

"உங்க குரல் இல்லே மன்னி, மெஷினோடது. கமிட்டி மைக்ல பேசினதெல்லாம் கமிட்டிக்குத்தான் சொந்தம். நீங்க இனிமே ஹாயா உக்காந்து பூஜை பாருங்கோ."

மேடையிலும் அதையே சொன்னான். வித்யா பௌதி குரல் மாதிரி இருக்கும், ஆனால் அவர் இல்லை. இது சொல்வதெல்லாம் கமிட்டி சொல்வது என்றான். பௌதி என்றால் இங்கே மன்னி. ஜனங்கள் கைதட்டினார்கள். மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

நவமி மத்தியானம் அவன் அம்மனுக்கு முன்னால் யாரோ பெரிய மனிதர்களோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். அறிவிப்பு மேஜை துணித் தடுப்புக்குப் பின்னால் இருந்தது. கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்கிவிட்டு என் பழைய மைக்கைச் செருகினேன்.

"கமிட்டியின் அறிவிப்பு. செயலாளர் ரங்கராஜன் பாபு எல்லோரையும் இப்போதே தம் வீட்டுக்குச் சாப்பிட அழைக்கிறார். எதிரே மஞ்சள் கட்டடம், மூன்றாவது மாடி. சோறும் ஆட்டுக்கறியும்."

அவன் வீட்டில் வெங்காயம்கூட வாங்குவதில்லை. கொலு வேறு வைத்திருந்தார்கள். முந்நூறு பேர் எழுந்து கிளம்பினார்கள்.

ரங்கா ஓடிப்போய் பந்தல் வாசலை மறித்தான். "போகாதீங்க, அது மெஷின் இல்லை. எங்க பௌதி பேசறாங்க," என்று பெங்காலியில் கத்தினான்.

துணித் தடுப்பை விலக்கிக்கொண்டு மைக்கில் கேட்டேன். "சரியாகக் கேட்கவில்லை, ரங்கராஜன் பாபு. இது யார் குரல்?"

"பௌதி குரல்."

"யாருக்குச் சொந்தம்?"

மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். அவன் மனைவி மூன்றாவது மாடி ஜன்னலில் வந்து நின்றாள்.

"பௌதிக்குத்தான்," என்றான், தலையைக் குனிந்துகொண்டு.

அத்தோடு விட்டிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை.

"பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்கவில்லை," என்றேன்.