ஈரத்தில் எழுதிய பெயர்

மேம்பாலம் வருவதால் அடுத்த வாரம் இந்தக் கல்லறைகளைக் கெய்ரோவுக்கு வெளியே மாற்றப்போகிறார்கள். அதற்குள் தன் அம்மா படுத்திருக்கும் இடத்தைப் படமெடுத்துவிட வேண்டுமென்று என் கணவன் சப்ரி பழைய பிலிம் கேமராவோடு வந்தான். வழியெல்லாம் குவிமாடம், உடைந்த மரக்கதவு, கல்மேல் தூங்கும் பூனை என்று எடுத்துத் தள்ளினான். அம்மாவின் கல்லுக்கு முன் வந்து நின்றபோது பிலிமில் ஒரே ஒரு படம்தான் மிச்சம்.

"பூனைக்கு நாலு, என் மாமியாருக்கு ஒண்ணு. ரொம்ப நியாயம்," என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. புழுதி படிந்த கல்லில் 'ஃபஹ்மியின் மனைவி' என்று மட்டும்தான் செதுக்கியிருந்தது.

"பேரே இல்லையே, நாஹித். இது யாரோட கல்லாவும் இருக்கலாம்."

"பேரைச் சொல்லு, நான் எழுதறேன்."

அவன் காது சிவந்தது. எங்கள் ஊர்ப் பையன்கள் அம்மாவின் பெயரை உயிரே போனாலும் வெளியே விடமாட்டார்கள். தெரிந்துவிட்டால் பள்ளிக்கூடமே அதைக் கூவிக் கேலி செய்யும். கல்யாணமாகியும் எனக்கே அவன் சொன்னதில்லை.

கல்லறைகளுக்கு நடுவே கொடி கட்டித் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள் அங்கேயே குடியிருக்கும் காவல்காரரின் மனைவி. மூத்த மகன் கரமை வைத்து எல்லாருக்கும் அவள் உம் கரம், அதாவது கரமின் அம்மா. "சொல்லுடா மகனே. மீசை முளைச்சாச்சு, பொண்டாட்டியும் வந்தாச்சு. இனிமே எவன் உன்னைக் கேலி பண்ணப்போறான்?"

"நீங்க சிரிப்பீங்க."

"சிரிச்சா என்ன, பல்லா கொட்டிடும்?"

அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். "சித்துஹும்."

'அவர்களுக்கெல்லாம் எஜமானி' என்று அர்த்தம். சொன்னபடியே உம் கரம் சிரித்தாள். பிறகு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, "எங்க பெரியம்மா பேருடா அது," என்று கல்லறைமேல் தெளிக்க வைத்திருந்த தண்ணீர்க் குவளையை என்னிடம் நீட்டினாள்.

விரலை நனைத்துப் புழுதியில் வலமிருந்து இடமாக எழுதினேன். எழுத்து கறுப்பாகப் பளிச்சென்று வந்தது. நல்ல வெயில்.

"சீக்கிரம் எடு, காயுது."

"இரு, தெளிவா தெரியணும்ல." லென்ஸ் வளையத்தை இப்படியும் அப்படியும் திருகினான்.

"கண்ணு மங்கிப்போச்சாடா? அந்தம்மா எழுந்து உட்கார்ந்து தானே பேரைச் சொல்லிடும்போல," என்றாள் உம் கரம். அப்போதுதான் 'க்ளிக்' கேட்டது.

கழுவி வந்த படத்தில் கல் இருந்தது, கொடியில் ஒரு போர்வை இருந்தது. பெயரில் நான் முதலில் எழுதிய பாதி காய்ந்துபோய் 'ஹும்' மட்டும் நின்றது. வெறும் 'அவர்கள்'. சப்ரி அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஆனாலும் அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினான்.

வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள்: "அவர்கள்னா, யாரு?"

காய்ந்துபோன முன்பாதியைச் சப்ரிதான் சொல்லவேண்டியிருக்கிறது. ஆரம்பத்தில் முணுமுணுப்பான். இப்போதெல்லாம் சமையலறையில் இருக்கும் எனக்கே கேட்கிறது.